ஆள்கட்டி: ஒரு வேலையின் வரலாறு

எங்கள் மாலைநேரப் பாடசாலையில் படித்த தம்பி ஒருவன் இப்போது சென்னையில் 'ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்ட்'. மாதத்துக்கு இத்தனை பேரை வேலையில் சேர்த்தாக வேண்டும். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் இவனுடைய கமிஷன் போச்சு. "நம்ம ஊர்ப் பசங்களத்தான் கூப்பிடுறேன்க்கா, அவங்கதான் நம்பி வர்றாங்க" என்றான். அன்றிலிருந்து அந்தப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம்பி வருகிறவர்களைக் கூட்டிப்போகும் இந்த வேலைக்கு நம் சேரிகளில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் செய்தவரை ஆள்கட்டி என்றார்கள், கங்காணி என்றார்கள்.

1830களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பிறகு தேயிலை வந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு ஆள் வேண்டும். ஆனால் ராமநாதபுரத்திலோ திருச்சியிலோ ஒரு சேரிக்குள் அவர் நுழைந்து ஆள் கேட்க முடியாது. ஆகவே பெரிய கங்காணியிடம் முன்பணம் கொடுத்தார். பெரிய கங்காணி அதைச் சில்லறைக் கங்காணிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். பெரிய கங்காணிகளில் பலர் சாதி இந்துக்கள். கட்டப்பட்ட ஆட்களில் பெரும்பகுதியோ பறையர், பள்ளர், சக்கிலியர். சில்லறைக் கங்காணி பெரும்பாலும் அந்த ஆட்களின் சொந்தச் சாதி, சொந்த உறவு. மாமன் வந்திருக்கிறான், சித்தப்பன் வந்திருக்கிறான் என்றுதான் சனம் கிளம்பியது. சாதியை உடைக்காமல், சாதியையே வேலைக்கு ஆள் சேர்க்கும் இயந்திரமாக்கிய ஏற்பாடு இது.

அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இங்கே பண்ணையாளாக இருந்தவருக்கு மிராசுதாரின் கடன், அடி, பஞ்சம். 1876-78 பஞ்சத்தில் சேரிகள் எப்படிச் செத்தன என்று படித்திருப்பீர்கள். பண்ணையாள் தப்பிப்போகிறான் என்று மிராசுதார்கள் ஆத்திரப்பட்டார்கள். அந்த ஆத்திரமே அதில் ஒரு விடுதலை இருந்ததற்குச் சாட்சி. இதை மறைத்துவிட்டு ஏமாந்து போனார்கள் என்று மட்டும் எழுதுவது நம் முன்னோர்களைச் சிறுமைப்படுத்துவது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஊர்க் கடனை அடைத்த பணம், வழிச்சோறு, துணி, படகுக்கூலி எல்லாம் ஆளின் பெயரில் பற்று. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். செத்தவர் கடனும் ஓடிப்போனவர் கடனும் மிச்சமிருந்தவர் தலையில் விழுந்தன. தோட்டத்தில் கூலி கங்காணி கை வழியாகத்தான் வரும். பெரட்டில் நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் நாளுக்குச் சில சதம் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு. அதனால் காய்ச்சல்காரரையும் பிள்ளை பெற்று எழுந்தவளையும் லயத்திலிருந்து எழுப்பிக் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் அவருக்கு லாபம். குடும்பமாகக் கட்டுவதும் அப்படித்தான். பெண்ணும் ஒரு தலை.

எல்லாவற்றிலும் கொடியது 'துண்டு'. ஒரு காகிதம். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் கூட்டிப்போகலாம் என்று துரை எழுதித் தருவார். அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டுவார், ஆட்கள் கைமாறுவார்கள். மாறும்போதெல்லாம் தொகை ஏறும். தன் பெயரில் எவ்வளவு கடன் என்றே பலருக்குத் தெரியாது. 1843லேயே அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று இந்தியாவில் சட்டம் போட்டாயிற்று. துண்டு ஒழிந்தது 1921ல்.

மலாயாவில் முறை கொஞ்சம் வேறு. அங்கே தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரையே கங்காணியாக்கி, உரிமச்சீட்டோடு சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் முன்சீப்பிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், நாகப்பட்டினத்தில் கப்பலேற்ற வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். காகிதங்கள் சுத்தமாக இருந்தன. ஊருக்கு வந்த கங்காணி நல்ல வேட்டி கட்டி, கடன் வாங்கியாவது செலவு செய்தார். வெறுங்கையோடு வந்தால் யார் நம்புவார்கள்? 1938ல் மலாயாவுக்கும் 1939ல் இலங்கைக்கும் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். உன்னைக் கங்காணி என்று திட்டுவதற்காக அல்ல என்றும் சொன்னேன். இன்று அவன் ஆட்களுக்குத் துண்டு இல்லை, பிடிக்கவில்லையென்றால் நின்றுவிடலாம். அந்த வித்தியாசம் பெரிது. அவன் கேட்டது ஒன்றுதான்: "சில்லறைக் கங்காணிக்கு என்னக்கா கெடைச்சுது?"

கொஞ்சம் காசு, தோட்டத்தில் ஒரு படி மேலே நிற்கும் இடம், பெரிய கங்காணியிடம் கடன். ஊரில் அவனை நம்பிப் பிள்ளையை அனுப்பிய தாய் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான். பெரிய கங்காணியை அந்தச் சேரியில் யாருக்கும் தெரியாது.

"எங்க கம்பெனி முதலாளிய எங்க ஊர்ல யாருக்கும் தெரியாதுக்கா" என்றான் தம்பி.