ஹெராக்ளியஸின் கடன் கணக்கு: ஒரு பைசாந்தியப் பேரரசரின் வெற்றியும் சரிவும்

கி.பி. 615இல் கான்ஸ்டாண்டிநோபிளின் நாணயச் சாலையிலிருந்து புதிய வெள்ளிக் காசு ஒன்று வெளிவந்தது. ஹெக்ஸாகிராம் என்பது அதன் பெயர். எடை ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கத்தில் பேரரசர் ஹெராக்ளியஸும் அவர் மகனும் அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். மறுபக்கத்தில் படிகளின் மேல் ஒரு சிலுவை; அதைச் சுற்றி லத்தீனில், கடவுளே ரோமர்களுக்கு உதவும் என்ற வேண்டுதல். காசில் அரசர்கள் தங்கள் வெற்றியைப் பொறிப்பார்கள். இவரோ முறையீட்டைப் பொறித்தார். அதே ஆண்டில்தான் அரசு தரும் சம்பளங்கள் பாதியாகக் குறைக்கப்பட்டன.

ஹெராக்ளியஸ் 610 முதல் 641 வரை ஆண்டார். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்த 31 ஆண்டுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: பாரசீகத்தை வென்ற மாவீரர் ஒருவர், அரேபியரிடம் சிரியாவை இழந்த நோயாளிக் கிழவர் ஒருவர். ஆனால் பேரரசின் நிதி நிலையைப் பின்தொடர்ந்து பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. முற்பாதியில் வாங்கிய கடனுக்குத்தான் பிற்பாதியில் வட்டி கட்டினார்கள்.

கார்த்தேஜிலிருந்து வந்தவர்

602இல் படைக் கலகம் ஒன்றில் பேரரசர் மாரிஸ் கொல்லப்பட்டார். கலகத் தலைவன் போகாஸ் அரியணை ஏறினான். பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ 591இல் தன் அரியணையைத் திரும்பப் பெற்றது மாரிஸின் படை உதவியால்தான். அந்த நன்றிக்காக மாரிஸின் கொலைக்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு அவர் போரைத் தொடங்கினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே 608இல் கார்த்தேஜிலிருந்த வட ஆப்பிரிக்க ஆளுநரும் அவர் மகன் ஹெராக்ளியஸும் போகாஸுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 610 அக்டோபர் 5 அன்று மகன் தலைநகரில் முடிசூடினார். பிடிபட்டு வந்த போகாஸிடம், நாட்டை இப்படியா ஆண்டாய் என்று அவர் கேட்டாராம். நீ மட்டும் நன்றாக ஆண்டுவிடுவாயோ என்று போகாஸ் திருப்பிக் கேட்டதாகக் கதை.

அடுத்த பத்தாண்டுகள் அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தன. உள்நாட்டுப் போர் கிழக்கு எல்லையின் பாதுகாப்பைக் குலைத்திருந்தது. 613இல் டமாஸ்கஸ் வீழ்ந்தது. 614இல் ஜெருசலேம் வீழ்ந்தது. இயேசு அறையப்பட்டதாகக் கிறிஸ்தவர்கள் போற்றிய சிலுவையைப் பாரசீகர் எடுத்துச் சென்றார்கள். 615இல் அவர்கள் தலைநகருக்கு எதிர்க்கரையான கால்சிடனுக்கே வந்துவிட்டார்கள். 619இல் அலெக்சாண்டிரியாவும் போனது. எகிப்து போனதோடு அதன் கோதுமையும் போயிற்று. தலைநகர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்த இலவச ரொட்டி 618இலேயே நின்றிருந்தது. தலைநகரைக் கார்த்தேஜுக்கு மாற்றவும் ஹெராக்ளியஸ் எண்ணினார். அவரைத் தடுத்து நிறுத்தியவர் மறைமுதல்வர் செர்ஜியஸ்.

தேவாலயத்தின் வெள்ளி

போருக்குப் பணம் தந்ததும் செர்ஜியஸ்தான். 622இல் தேவாலயச் சொத்துகள் கடனாக அரசிடம் வந்தன. ஹாகியா சோபியாவின் விளக்குத் தண்டுகள்கூட உருக்கப்பட்டுக் காசாயின. செப்புக் காசுகளின் நிலை இன்னும் மோசம். பழைய காசின் மேலேயே புதிய முத்திரையை அவசரமாக அடித்திருக்கிறார்கள். பல காசுகளில் முந்தைய பேரரசரின் எழுத்து அரைகுறையாகத் தெரிகிறது. எடையும் இந்த ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது.

இந்தப் பணத்தைக் கொண்டு ஹெராக்ளியஸ் செய்தது பெரிய துணிச்சல். இருநூறு ஆண்டுகளாகப் பேரரசர்கள் அரிதாகவே போர்க்களம் கண்டிருந்தார்கள். இவர் தாமே படை நடத்தினார். இழந்த சிரியாவை நோக்கிப் போகாமல், ஆர்மேனிய மலைகள் வழியாகப் பாரசீகத்தின் வடக்கு வாசலைத் தட்டினார். 626 கோடையில் அவார்களும் ஸ்லாவியரும் பாரசீகரும் தலைநகரைச் சூழ்ந்தபோதும் அவர் திரும்பி ஓடிவரவில்லை. உதவிப்படையை மட்டும் அனுப்பினார். செர்ஜியஸும் படைத்தலைவர் போனஸும் நகரைக் காத்தார்கள். பிறகு மேற்குத் துருக்கியரோடு கூட்டுச் சேர்ந்து தெற்கே இறங்கி, 627 டிசம்பர் 12 அன்று நினிவே அருகே பாரசீகப் படையை முறியடித்தார். குஸ்ரோவின் தஸ்தகிர்த் அரண்மனை சூறையாடப்பட்டது. 628 பிப்ரவரியில் குஸ்ரோவைச் சொந்த மகனே கவிழ்க்க, சில நாட்களில் அவர் கொல்லப்பட்டார்.

630 மார்ச்சில் ஹெராக்ளியஸ் சிலுவையை ஜெருசலேமுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். செப்டம்பர் 14 அன்று தமிழகத்தின் மணப்பாட்டிலும் உலகெங்கும் கத்தோலிக்கர் கொண்டாடும் திருச்சிலுவை மகிமை விழாவில் கலந்திருக்கும் நினைவுகளில் இந்த மீட்பும் ஒன்று.

நான்கே ஆண்டுகள்

பாரசீகப் படைகள் விலகியது 629-30இல். அரேபியப் படைகள் பாலஸ்தீனத்துக்குள் பெருமளவில் நுழைந்தது 634இல். அழிந்த நகரங்களை எடுத்துக்கட்டவும் நின்றுபோன வரிவசூலைத் தொடங்கவும் ஹெராக்ளியஸுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். சிரியாவில் சுமார் பதினைந்து ஆண்டுகளும் எகிப்தில் பத்தாண்டுகளும் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆட்சி இல்லாமலே கழிந்திருந்தன. போதாக்குறைக்கு, தேவாலயக் கடனுக்காக ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து பணம் தர வேண்டியிருந்தது.

எல்லைக் காவலுக்காகப் பாலைவன அரேபியக் குடிகளுக்குச் சிறு தொகை வழங்குவது பழைய வழக்கம். படைவீரருக்குக் கொடுக்கவே பணமில்லை என்று ஓர் அதிகாரி அவர்களை இழிவாகப் பேசி விரட்டியதாகவும், அவர்களே எதிர்ப்படைக்குக் காஸா வரை வழிகாட்டியதாகவும் 9ஆம் நூற்றாண்டின் வரலாற்றாளர் தியோஃபனெஸ் எழுதுகிறார். கதையில் மிகை இருக்கலாம். காசில்லாத கருவூலம் மட்டும் மிகையல்ல.

பணத்தட்டுப்பாட்டுக்குக் காலத்தைக் குறை சொல்லலாம். சமயக் கொள்கையில் நேர்ந்த பிழைகள் அவருடையவை. கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்ற பழைய சண்டையை ஒரு சமரச வாசகத்தால் தீர்க்க முயன்றார். எகிப்தில் அதைத் திணிக்க அவர் அனுப்பிய சைரஸின் கெடுபிடியில் காப்டிக் மறைமுதல்வர் பெஞ்சமின் தலைமறைவானார். மறுபுறம், ஜெருசலேமின் சோஃப்ரோனியஸ் அதே வாசகத்தை வைதிகத்துக்கு விரோதம் என்று எதிர்த்தார். 638இல் 'எக்தெசிஸ்' என்ற ஆணையாக அது வெளிவந்தபோது இரு தரப்பும் அவரைக் கைவிட்டிருந்தன. யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்கும்படி பிறப்பித்த ஆணை இன்னொரு பகையைச் சம்பாதித்தது. சொந்தச் சகோதரன் மகளோ சகோதரி மகளோ என்று நூல்கள் குழம்பும் மார்ட்டினாவை மணந்தது தலைநகரிலும் முகச்சுளிப்பை உண்டாக்கியது.

636 ஆகஸ்டில் யார்முக் நதிக்கரையில் அவருடைய பெரும்படை அழிந்தது. சிரியா கைவிட்டுப் போனது. தலைநகர் திரும்பும் வழியில் ஹெராக்ளியஸ் பாஸ்பரஸ் நீரிணையின் நீரைக் கண்டு அஞ்சி, எதிர்க்கரை அரண்மனையிலேயே நெடுநாள் தங்கிவிட்டார். கடைசியில் படகுகளை இணைத்துப் பாலம் கட்டி, தண்ணீர் கண்ணில் படாதபடி இருபுறமும் மரக்கிளைகளை நட்டு, குதிரையில் அவரை அக்கரை சேர்த்தார்கள்.

வரலாற்றாளர் தீர்ப்பு

பைசாந்தியத்தைப் பிற்காலத்தில் காத்த 'தீம்' என்னும் படை மாவட்ட முறையை உருவாக்கியவர் ஹெராக்ளியஸ் என்று 20ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஆஸ்ட்ரோகோர்ஸ்கி வாதிட்டார். அது அவருக்குப் பின்னரே படிப்படியாக உருவானது என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. ஆனால் 629இல் தம்மை 'பசிலியஸ்' என்ற கிரேக்கப் பட்டத்தால் குறித்துக்கொண்டதும், சின்ன ஆசியாவைக் கைவிடாமல் காத்ததும் அவர் கணக்கில் நிற்கின்றன. எஞ்சிய அந்தப் பேரரசு மேலும் 800 ஆண்டுகள் நீடித்தது.

641 பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தபோது எகிப்து கைநழுவிக்கொண்டிருந்தது. மணிமுடியோடு அவரை அடக்கம் செய்தார்கள். மூத்த மகன் மூன்றாம் கான்ஸ்டன்டைன் கல்லறையிலிருந்து அந்த முடியை எடுத்துக்கொண்டார். அவரும் சில மாதங்களில் இறந்துபோக, இளைய மகன் ஹெராக்ளோனாஸ் அதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார். முடியின் மதிப்பு 70 பவுண்டு தங்கம் என்று வரலாற்றாளர் நிசெஃபோரஸ் எழுதி வைத்திருக்கிறார்.