ஒரு மரண தண்டனை பிறந்த கதை

1987 பிப்ரவரி 25. டல்லஸ் நகரில் செய்தியாளர்கள் நெருக்கியடித்து நின்ற ஓர் அறையில் டேவிட் பெர்ஸ்ட் தண்டனையை அறிவித்தார். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்எம்யு, அந்த ஆண்டு முழுக்க அமெரிக்கக் கால்பந்து ஆடக் கூடாது. 1988இல் வெளியூரில் மட்டும் ஏழு ஆட்டம் ஆடலாம், சொந்த மைதானத்தில் ஒன்றுகூடக் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கான உதவித்தொகை இடங்களில் நான்கு ஆண்டுகளுக்கு 55 வெட்டு. அறிவித்த சற்று நேரத்தில், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெர்ஸ்ட் மயங்கிச் சரிந்தார். கல்லூரி விளையாட்டுகளைக் கட்டியாளும் என்சிஏஏ அமைப்பின் விசாரணைத் தலைவர் அவர்.

அமெரிக்கர்கள் இதை 'மரண தண்டனை' என்கிறார்கள். விதிப் புத்தகத்தில் அது ஏறி அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் டெக்சஸ் மாநிலத்தின் மற்ற கல்லூரிகளின் ரசிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படியொன்றுக்காக மனதார வேண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்டனையின் பிறப்பை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற போட்டிக் குழுவில் அன்று ஒன்பது கல்லூரிகள். ஆர்கன்சாஸ் தவிர எட்டும் டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே இருந்தன. எல்லாக் கல்லூரிகளின் பழைய மாணவர்களும் வேலை தேடி வந்து சேர்ந்த ஊர் டல்லஸ். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றவர் திங்கட்கிழமை காலையில், ஜெயித்த கல்லூரிக்காரரின் பக்கத்து மேசையில்தான் உட்கார வேண்டும். இந்தத் திங்கட்கிழமைதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன்.

எஸ்எம்யு சின்ன கல்லூரி. டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்ற பெரும்படைகளோடு மோதி ஜெயிக்க அதனிடம் ஆள்பலம் இல்லை. எண்ணெயிலும் நிலத்திலும் கொழித்த பழைய மாணவர்களின் பணம் இருந்தது. கல்லூரி வீரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் தவிர ஒரு டாலரும் வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. பணக்கார ஆதரவாளர்கள் அதை மதிக்கவில்லை.

சீலி என்ற சிற்றூரிலிருந்து எரிக் டிக்கர்சன் என்ற பையன் புறப்பட்டு வந்தான். முதலில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். அந்தச் சமயத்தில் அவனிடம் தங்க நிறத்தில் புத்தம்புது ட்ரான்ஸ் ஆம் கார் ஒன்று வந்து சேர்ந்தது. கடைசியில் எஸ்எம்யு அணியில் கையெழுத்திட்டான். அந்தக் காருக்கு ரசிகர்கள் 'ட்ரான்ஸ் ஏ அண்ட் எம்' என்று பெயர் வைத்தார்கள். 1983இல் டிக்கர்சன் தொழில்முறை அணிக்குப் போனபோது, 'பாவம், சம்பளம் குறைந்துவிட்டது' என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் புகைச்சல் இருந்தது. 1982 சீசனில் எஸ்எம்யு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பதினொன்றில் வெற்றி, ஒன்றில் சமன்.

பணம் கொடுத்தது எஸ்எம்யு மட்டுமல்ல. பக்கத்திலேயே டிசியு கல்லூரியில் 1985இல் பயிற்சியாளர் ஜிம் வாக்கர், பணம் வாங்கியதை ஒப்புக்கொண்ட தன் நட்சத்திர வீரர் கென்னத் டேவிஸ் உள்ளிட்ட பலரைத் தாமே அணியிலிருந்து நீக்கினார். அடுத்த ஆண்டு டிசியுவுக்கும் கடும் தண்டனை கிடைத்தது. நேர்மைக்குக் கிடைத்த அந்தப் பரிசு இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதுவது அங்கே வழக்கமாகிப் போனது.

1985 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் என்சிஏஏ சிறப்பு மாநாடு கூடியது. மோசடிகளால் வெட்கப்பட்டுப்போன பல்கலைக்கழகத் தலைவர்கள் முன்னின்று அதைக் கூட்டினார்கள். ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை பெரும் குற்றம் செய்தால் அந்த விளையாட்டையே நிறுத்தலாம் என்ற விதி 427-க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. அதற்கு முன்பும் கென்டக்கி போன்ற கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகள் முடக்கப்பட்டதுண்டு. இப்போது அது எழுத்தில் வந்துவிட்டது.

இரண்டே மாதத்தில் எஸ்எம்யு மாட்டியது. 45 உதவித்தொகை இடங்கள் போயின. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஏற்கெனவே பணம் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்ட வீரர்கள் இருந்தார்கள். நிறுத்தினால் வாய் திறந்துவிடுவார்களோ என்ற பயம். நிர்வாகக் குழுவின் தலைவர் பில் கிளெமன்ட்ஸும் சிலரும், அவர்கள் படித்து முடிக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பிறகு வெளிவந்த கணக்கு: 13 வீரர்கள், ஏறத்தாழ 61,000 டாலர்.

1986 நவம்பரில் டேவிட் ஸ்டான்லி என்ற முன்னாள் வீரர் டபிள்யூஎஃப்ஏஏ தொலைக்காட்சியில் வாய் திறந்தார். தன் வீட்டுக்குப் பணம் வந்த தபால் உறையையும் கொடுத்தார். செய்தியாளர் டேல் ஹேன்சன் கேமராவின் முன் அந்த உறையைக் கல்லூரி அதிகாரிகளிடம் நீட்டினார். அவர்கள் முகம் மாறியதை டல்லஸே பார்த்தது.

மூன்று மாதத்தில் தண்டனை. போட்டிக் கல்லூரிக்காரர்களுக்குத் திருவிழா. நியாயம் ஜெயித்தது என்று உண்மையாகவே நம்பினார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது: வேறு கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் சாரைசாரையாக எஸ்எம்யு வளாகத்துக்கே வந்து வீரர்களைப் பொறுக்கிப் போனார்கள். இடம் மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. இழவு வீட்டில் பாத்திரம் பங்கு போட்டதைப் போலத்தான் அதைப் பார்க்கிறேன். 1988இல் ஆட ஆள் இல்லாமல் அந்த சீசனையும் எஸ்எம்யு தானாகவே கைவிட்டது.

1989இல் திரும்பி வந்தது. பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக், அதே கல்லூரியில் படித்த பழைய மேதை. கையில் இருந்தது பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். அக்டோபர் 21 அன்று ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அவர்களை 95-க்கு 21 என்று அடித்தது. 1,021 கெஜம் முன்னேறியது. ஆட்டம் கைக்கு வந்த பின்னும் பந்தை எறிந்துகொண்டே இருந்தார்கள். எதிரே நின்ற பையன்கள் யாருக்கும் அந்த 61,000 டாலரில் ஒரு காசுகூடப் போகவில்லை. விதிமீறலுக்காக அந்த ஆண்டு ஹூஸ்டனும் தண்டனையில்தான் இருந்தது.

பணம் கொடுத்தவர்கள்? 1986 நவம்பர் தேர்தலில் ஜெயித்து மீண்டும் மாநில ஆளுநராகியிருந்தார் கிளெமன்ட்ஸ். 1987 மார்ச்சில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1991வரை பதவியில் இருந்தார்.

கொண்டாடியவர்களும் தப்பவில்லை. டெக்சஸ், ஏ அண்ட் எம், ஹூஸ்டன் என்று ஒவ்வொன்றாக விசாரணையில் சிக்கின. ஆர்கன்சாஸ் 1990இல் வெளியேற முடிவு செய்தது. தொலைக்காட்சிப் பணம் மற்ற பெரிய கல்லூரிகளையும் இழுத்துக்கொள்ள, 1996இல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸே கலைந்தது. பக்கத்து மேசைக்காரரோடு திங்கட்கிழமை வாதாட, தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த அந்த ஆட்டங்களில் பல இல்லாமல் போயின.

முதல்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் அதன் பிறகு யாருக்கும் இந்தத் தண்டனை விதிக்கப்படவில்லை. 2011இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளைச் சீரழித்தவரின் குற்றம் வெளிவந்தபோது, எதிரணி ரசிகர்கள் பலர் அதைத்தான் கேட்டார்கள். 2012இல் 6 கோடி டாலர் அபராதம், சீசன் முடிவில் நடக்கும் பவுல் போட்டிகளில் ஆட நான்காண்டுத் தடை என்று என்சிஏஏ நிறுத்திக்கொண்டது. தவறில் பங்கில்லாதவர்களும் அடிபடுவார்கள் என்று காரணம் சொன்னது. 1987இல் டல்லஸ் பையன்களுக்காக இதை யாரும் சொல்லவில்லை.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். எஸ்எம்யு 2024இல் மீண்டும் ஒரு பெரிய குழுவில் இடம் பிடித்தது. அதற்கான அழைப்பு 2023 செப்டம்பரில் வந்ததும் பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் தந்தார்கள். இந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே பெருமையோடு அறிவித்தது.