யார் சொன்னால் உண்மை? - அடையாறு பிரம்மஞான சபையின் உட்சண்டைகள்

அபிராமபுரத்தில் இருந்து அடையாறு பக்கம் போகிறவர்கள் திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் காடு மாதிரி ஒரு இடம் வரும். அதுதான் பிரம்மஞான சபை, அதாவது தியாசாபிகல் சொசைட்டி. சுமார் 260 ஏக்கர். பாலத்துக்கு இந்தப் பக்கம், கிரீன்வேஸ் சாலையில், வசந்த விஹார் இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் தலைமையகம். அதற்கு ஆறு ஏக்கர்தான். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஒரு ஆறு. ஆனால் கிருஷ்ணமூர்த்தி அந்த ஆற்றைத் தாண்டி சபை வளாகத்துக்குள் மறுபடி கால் வைக்க 47 வருஷம் ஆனது. சின்ன வயசில் அவரை "உலக குரு" என்று கொண்டாடி வளர்த்ததே அந்த சபைதான்!

கதை 1875ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. ரஷ்யாவில் இருந்து வந்த ஹெலனா பிளாவட்ஸ்கி அம்மையார், அமெரிக்கரான கர்னல் ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் ஆகியோர் சேர்ந்து சபையை ஆரம்பித்தார்கள். 1882 டிசம்பரில் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. இனம், மதம், சாதி, ஆண் பெண் வேறுபாடு இல்லாத சகோதரத்துவம் முதல் நோக்கம். மதங்களையும் தத்துவங்களையும் ஒப்பிட்டுப் படிப்பது இரண்டாவது. மனிதனுக்குள் மறைந்திருக்கும் சக்திகளை ஆராய்வது மூன்றாவது. உறுப்பினர் ஆக எந்த நம்பிக்கையும் கட்டாயம் இல்லை. உண்மையை விட உயர்ந்த மதம் இல்லை என்பதுதான் சபையின் வாசகமே.

நம்பிக்கையே கட்டாயம் இல்லாத இடத்தில் சண்டை எதற்கு? அந்தக் கால விவகாரங்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்வியில்தான் போய் நிற்கின்றன. இதை யார் சொன்னது, அவர் சொன்னால் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

இமயமலைக்கு அப்பால் மகாத்மாக்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் தனக்கு குருமார்கள் என்றார் பிளாவட்ஸ்கி. அவர்களிடம் இருந்து கடிதங்களும் வந்தன. சில கடிதங்கள் அடையாறில் ஒரு அறையில் இருந்த அலமாரிக்குள் தானாகவே தோன்றியதாகச் சொன்னார்கள். 1884ல் அங்கே வேலை பார்த்த எம்மா கூலும் என்ற பெண்மணி, எல்லாம் ஏமாற்று வேலை என்று பிளாவட்ஸ்கி எழுதியதாகச் சில கடிதங்களை வெளியிட்டார். அவை மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகையில் வந்தன. லண்டனில் இருந்து ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் நேரில் வந்து விசாரித்து, 1885ல் பிளாவட்ஸ்கிக்கு எதிராக அறிக்கை கொடுத்தார். பிளாவட்ஸ்கி வழக்குப் போடத் துடித்தார். சபையே வேண்டாம் என்று தடுத்துவிட்டது. அவர் 1885ல் சென்னையை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. (ஹாட்ஜ்சன் அறிக்கையில் நிறைய ஓட்டைகள் என்று, அவரை அனுப்பிய அதே சங்கத்தின் இதழிலேயே 1986ல் வெர்னான் ஹாரிசன் கட்டுரை எழுதினார். நூறு வருஷம் லேட்!)

இதைவிட சுவாரசியமானது டி. சுப்பா ராவ் விவகாரம். அதிகம் பேருக்குத் தெரியாது. மெட்ராஸில் வக்கீலாக இருந்தவர், வேதாந்தத்தில் பெரிய ஞானம். மனிதனை ஏழு தத்துவங்களாகப் பிரித்துச் சொன்னார் பிளாவட்ஸ்கி. உடம்பு, உயிர்சக்தி, சூட்சும உடல், ஆசை, மனம், புத்தி, ஆத்மா என்று. சுப்பா ராவோ, ஸ்தூலம், சூட்சுமம், காரணம் என்ற மூன்று உபாதிகள், மேலே ஆத்மா, ஆக நான்கு போதும் என்றார். அடையாறில் 1886 மாநாட்டு சமயத்தில் பகவத் கீதை பற்றி அவர் பேசியபோது ஏழு பிரிவை ஏற்காமல் விமர்சித்தார். 1887ல் 'தியாசாபிஸ்ட்' இதழிலேயே இருவரும் மாறி மாறி பதில் எழுதினார்கள்.

கேட்பதற்கு ஏழா நாலா என்று கணக்குச் சண்டை போலத் தெரியும். விஷயம் அது இல்லை. உடம்பையும் அதற்குள் ஓடும் சக்தியையும் தனித்தனி தத்துவமாக எண்ணலாமா, யோகி ஒருவன் தன் அனுபவத்தில் பிரித்துப் பார்க்க முடிகிறவற்றை மட்டும் எண்ண வேண்டுமா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. மகாத்மாக்கள் சொன்னது என்று ஒரு பக்கம். சாஸ்திரத்திலும் சாதனையிலும் எங்கே இருக்கிறது காட்டு என்று இன்னொரு பக்கம். பிளாவட்ஸ்கி தன் பெரிய நூலான 'ரகசியக் கோட்பாடு' கையெழுத்துப் பிரதியைத் திருத்தித் தரச்சொல்லி சுப்பா ராவுக்கு அனுப்பியிருந்தார். அதிலே பிழைகள் ஏராளம், தொட மாட்டேன் என்று மறுத்துவிட்டார் அவர். 1888ல் சபையில் இருந்து விலகினார், 1890ல் முப்பத்து நாலு வயதுகூட முடியாமல் இறந்துபோனார். சபையின் சண்டைகளில் தத்துவமாகவே நடந்த சண்டை இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அவர் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் அடையாறின் போக்கே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிளாவட்ஸ்கி 1891ல் இறந்ததும் கடிதப் பிரச்சனை மறுபடி வந்தது. மகாத்மா கடிதம் என்று ஜட்ஜ் காட்டியவை அவரே எழுதியவை என்று அன்னி பெசன்ட் குற்றம் சாட்டினார். 1894ல் லண்டனில் விசாரணைக் குழு கூடியது. அந்தக் குழு சொன்ன காரணம்தான் வேடிக்கை. கடிதம் போலியா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னால் மகாத்மாக்கள் இருக்கிறார்களா என்பதில் சபை ஒரு நிலை எடுத்தது போல ஆகிவிடும், எந்த நம்பிக்கையும் கட்டாயம் இல்லை என்ற விதிக்கு அது விரோதம், அதனால் விசாரிக்க முடியாது என்று கலைந்துவிட்டார்கள்! அடுத்த வருஷம் அமெரிக்கக் கிளைகளில் பெரும்பாலானவை ஜட்ஜ் பின்னால் பிரிந்து போய்விட்டன.

1907ல் ஆல்காட் சாகும் தறுவாயில், மகாத்மாக்களே வந்து அடுத்த தலைவர் அன்னி பெசன்ட்தான் என்று சொன்னதாக அறிவிப்பு வந்தது. தேர்தலில் மகாத்மாக்கள் பிரச்சாரம் செய்யலாமா என்று பல மூத்த உறுப்பினர்கள் கடுப்பானார்கள். பெசன்ட் ஜெயித்தார். சிறுவர்களுக்குக் கொடுத்த பாலியல் அறிவுரைகளுக்காக 1906ல் விலக நேர்ந்த லெட்பீட்டரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அதை எதிர்த்து இங்கிலாந்தில் ஜி.ஆர்.எஸ். மீட் முதலிய நூற்றுக்கணக்கானவர்கள் விலகினார்கள்.

அந்த லெட்பீட்டர்தான் 1909ல் அடையாறு கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டுபிடித்தது. பையனின் அப்பா நாராயணையா, ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மனைவியை இழந்தவர், சபையில் வேலை கிடைத்துப் பிள்ளைகளோடு வந்திருந்தார். 1910ல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யாவையும் வளர்க்கும் பொறுப்பை பெசன்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1911ல் வரப்போகும் குருவுக்காக 'கிழக்கின் நட்சத்திரம்' என்ற அமைப்பு தொடங்கியது. அடுத்த வருஷமே அப்பா பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். முக்கியமாக லெட்பீட்டர் பக்கம் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கோரிக்கை. அவர் பக்கம் ஆஜரானவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். 1913ல் நீதிபதி பேக்வெல், அப்பா சொன்ன மோசமான குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்றாலும் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். அப்பீலிலும் பெசன்ட் தோற்றார். 1914ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்கள் தரப்பைக் கேட்காமல் மெட்ராஸில் முடிவு செய்தது தப்பு என்றது. அப்பாவுக்குக் கடைசி வரை பிள்ளைகள் கிடைக்கவில்லை.

ஊரே இதைப் பற்றிப் பேசியது. 'ஹிந்து' பத்திரிகையில் தாக்குதல், டாக்டர் டி.எம். நாயரின் (பின்னாளில் நீதிக்கட்சி நிறுவனர்களில் ஒருவர்) காட்டமான கட்டுரை. பெசன்ட் போட்ட அவதூறு வழக்குகள் தோற்றன. பாரதியார் 1914ல் 'பொன்வால் நரி' என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிக்கதையே எழுதினார். தமாஷ் என்னவென்றால், எதிர்த்து வாதாடிய சி.பி. சில வருஷத்தில் ஹோம் ரூல் இயக்கத்தில் பெசன்டின் வலது கை ஆகிவிட்டார். ஜெர்மனியில் ருடால்ஃப் ஸ்டைனர் மட்டும் திரும்பவே இல்லை. மெட்ராஸ் பையனை உலக குரு என்று ஏற்க முடியாது என்று 1912-13ல் தனியாக ஆந்த்ரபாசபி சங்கம் கண்டார்.

1925 நவம்பரில் நித்யா இறந்துபோனார். தம்பி பிழைப்பான் என்று மகாத்மாக்கள் பெயரில் தரப்பட்ட உறுதியைக் கிருஷ்ணமூர்த்தி முழுசாக நம்பியிருந்தார். விரிசல் விழுந்த இடம் இதுதான் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். 1929 ஆகஸ்ட் 3, ஹாலந்தில் ஓமன் முகாம். சுமார் 3000 பேர், கூட்டத்தில் 81 வயது பெசன்ட். உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் குருவும் அங்கே கூட்டிப்போக முடியாது என்று சொல்லி, தனக்காக உருவான அமைப்பைத் தானே கலைத்தார். கிடைத்த சொத்துக்களைத் திருப்பிக் கொடுத்தார். சபையின் கொள்கைப்படி பார்த்தால் இதைவிட நல்ல தியாசாபிஸ்ட் கிடையாது. குருவின் வருகையே தப்பாகப் போய்விட்டது என்றார் லெட்பீட்டர். 1933ல் பெசன்ட் இறந்த பிறகு கிருஷ்ணமூர்த்தி அடையாறு வளாகத்துக்குள் போகவில்லை. வடகரையில் வசந்த விஹார் எழுந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. குரு வேண்டாம் என்றவரின் பேச்சுக்களும் புத்தகங்களும் யாருக்குச் சொந்தம் என்று அடுத்த சண்டை. பழைய நண்பர் ராஜகோபால் நடத்திய நிறுவனத்தோடு 1968ல் உறவு முறிந்தது. அமெரிக்காவில் வழக்கு, 1974ல் சமரசம். வசந்த விஹாரே இதில் மாட்டிக்கொண்டு 1970களின் நடுவில்தான் கைக்கு வந்தது. 1980ல் ராதா பர்னியர் சபைத் தலைவர் ஆனதும் அவர் அழைத்து, 47 வருஷத்துக்குப் பிறகு கிருஷ்ணமூர்த்தி வளாகத்துக்குள் நடந்தார். அப்புறம் சென்னையில் இருக்கும்போதெல்லாம் மாலையில் அந்தக் கடற்கரையில் வாக்கிங். கடைசிப் பேச்சுக்கள் 1986 ஜனவரியில் வசந்த விஹாரில். பிப்ரவரி 17ல் கலிபோர்னியாவில் இறந்தார். தன் பேரைச் சொல்லி விளக்கம் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

1991ல் ராஜகோபாலின் மகள் ராதா ஒரு புத்தகம் எழுதினார். தன் அம்மா ரோசலிண்டுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் பல வருஷம் ரகசிய உறவு இருந்தது என்று. வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பதில் புத்தகம் 1996ல் மேரி லட்யன்ஸ் எழுதினார். சின்ன வயசில் இருந்தே கிருஷ்ணமூர்த்தியைத் தெரிந்தவர், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்.