யானைத் திறை முதல் சோலைவரி வரை

ஓர் ஊரை ஆள்பவர் யார் என்று அறிய விரும்புபவர் அரசாங்க வர்த்தமானியைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வூரின் தெருவிளக்கு அணைந்துபோனால் மக்கள் எவரிடம் சென்று முறையிடுகின்றனர், முறையிட்டபின் எத்தனை நாளில் விளக்கு எரிகின்றது என்னும் இரண்டையும் கவனித்தாற் போதும். முதற் கேள்விக்குரிய விடை சட்டப் புத்தகத்தில் உண்டு. இரண்டாவதற்குரிய விடையைத் தேட வரலாற்றுக்குட் செல்ல வேண்டும். வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தமட்டில் அவ்வரலாறு நீண்டது, இடையிடையே நகைப்புக்கிடமானது, முடிவில் நகைக்க முடியாதது.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என இன்று மூன்று மாவட்டங்களாக அமைந்திருக்கும் இந்நிலம் குளங்களால் உயிர்வாழ்வது. பாவற்குளம், வவுனிக்குளம், மாங்குளம், இரணைமடு, தண்ணிமுறிப்பு என்று ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று பகரும். வவுனியா நகரமுங்கூட ஒருகாலத்தில் வவுனியா விளாங்குளம் என்றே வழங்கிற்று. குளமுள்ள இடத்தில் கட்டு வேண்டும்; கட்டுக்கு ஆண்டுதோறும் மண் வேண்டும்; வாய்க்காலில் நீர் திறந்தால் முன்வயற்காரனும் பின்வயற்காரனும் சண்டையிடாதிருக்க ஒரு முறை வேண்டும். எனவே, ஊராட்சி என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் தேவை இங்கே பிறந்துவிட்டது. மழை பொய்த்த ஆண்டிலே குளத்தை அடுத்த வயலை மட்டும் ஊரார் அனைவரும் பங்கிட்டு விதைக்கும் வழக்கம் உலர்வலயக் குளத்தூர்களில் இருந்தது. அதற்குச் சட்டசபையும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை.

இந்நிலத்தை ஆண்ட வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாகச் செலுத்தியது யானை. காசாயின் எண்ணி வாங்கலாம். நெல்லாயின் அளந்து வாங்கலாம். யானையைக் காட்டிலே பிடித்துக் கடற்கரை வரை நடத்தி வரவேண்டும். வன்னியர்க்கு அதில் அவசரம் இருக்கவில்லை. திறை நிலுவையாகவே கிடந்தது என்ற முறைப்பாடு 1697 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் தளபதி சுவார்தெக்ரூன் எழுதிவைத்த குறிப்புகளிலே காணப்படுகின்றது. ஆகவே வரி நிலுவை என்பது இன்றைய பிரதேச சபைகள் கண்டுபிடித்த நோய் அன்று. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையிடம் தோற்றபின் வன்னியர் ஆட்சி ஓய்ந்தது. யானை கொடுத்தவர் போயினர், கச்சேரி வந்தது.

1832 இல் ஆங்கில அரசு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. மனிதனை மனிதன் வலிந்து வேலைவாங்கும் வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் அதனோடு குளக்கட்டுக்கு மண் போடும் கடமையும் கேட்பாரற்றுப் போயிற்று. குளங்கள் உடைந்தன, வயல்கள் காடாயின, எஞ்சிய ஊர்களைக் காய்ச்சலும் பறங்கி நோயும் தின்றன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1856 இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் ஒரு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தை இயற்றி, வயலுடையோர் ஒன்றுகூடிப் பண்டை வழக்கப்படி தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வழங்கினார். ஊரார் தொன்றுதொட்டுச் செய்துவந்ததை அவர்களே செய்யலாம் என்று அரசாங்கம் உத்தரவு கொடுத்தது. கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் மட்டும் ஏசண்டர் துரை.

அந்த நாற்காலியே இவ்வரலாற்றின் கதாநாயகன் எனலாம். 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களையும் கிராமக் கோடுகளையும் அமைத்தது. சிறு வழக்குகளைத் தீர்க்கும் இக்கோடுகளிலே நியாயதுரந்தரரும் பிறக்கிராசிமாரும் தோன்றலாகாது என்பது விதி. வழக்காளிகள் தங்கள் பொய்யைத் தாங்களே சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் வழக்குகள் விரைவில் முடிந்தன. 1924 ஆம் ஆண்டின் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கங்களுக்கு மேலும் அதிகாரம் அளித்தது. எனினும் தலைமை நாற்காலியில் மணியகாரரோ முதலியாரோ போன்ற அரசாங்கத் தலைமைக்காரரே அமர்ந்திருந்தார். வரி விதிப்பவர், வரி தண்டுபவர், அதைப்பற்றிக் குறைகூறும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் எல்லாரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாயின் கூட்டம் அமைதியாக நடைபெறும் என்பதில் ஐயமில்லை.

அந்த நாற்காலி ஊராரின் கைக்கு வந்தது 1938 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் பின்னர்தான். அப்போது உள்ளூராட்சி மந்திரியாயிருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. சங்கத்தின் அங்கத்தவர் தம்முள் ஒருவரை அக்கிராசனராகத் தெரிவுசெய்யும் உரிமை கிடைத்தது. சிறு பட்டினங்களிலே 1892 முதல் நடைபெற்றுவந்த சுகாதாரச் சபைகளுக்குப் பதிலாக 1946 ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டின சபைகள் தோன்றின. 1931 முதலே வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை உண்டாகியிருந்தமையால், இனி ஊர் தன்னைத் தானே ஆளும் என்று பலரும் நம்பினர்.

நம்பிக்கை முற்றாகப் பொய்க்கவில்லை. கிணறுகள் தோண்டப்பட்டன, சந்தைகள் கட்டப்பட்டன, வாசிகசாலைகள் திறக்கப்பட்டன, மண்பாதைகள் கிறவல் கண்டன. அதே வேளையில் புதியதொரு மனித வகையும் தோன்றிற்று. அவர்தாம் வட்டார அங்கத்தவர். தேர்தலுக்கு முன் எல்லார் வீட்டு முற்றத்திலும் தேநீர் அருந்துவார். தேர்தலின் பின் தம் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் காத்திருக்க வைப்பார். அவர் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை முதலிற் செப்பனிடப்படும். வழியில்லாமல் அவர் சபைக்கு எப்படிச் செல்வார் என்பது காரணம். சந்தைக் குத்தகை, மடுவக் குத்தகை, சைக்கிள் இலைசன்ஸ், நாய்க்கு வரி, கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம் என்று சபையின் வருமானம் அமைந்திருந்தது. நாய்க்கு வாக்கில்லை, மாட்டுக்கு வாக்கில்லை, ஆனால் அவற்றின் உரிமையாளருக்கு உண்டு. ஆதலால் சோலைவரி நிலுவையில் இருப்போர் பட்டியலைத் தேர்தல் ஆண்டில் எவரும் உரத்து வாசிப்பதில்லை.

இக்குறைகளையெல்லாம் ஆராய்வதற்கு ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 1955 இல் சொக்சி ஆணைக்குழு விரிவான அறிக்கை கொடுத்தது. குறையுள்ள வீட்டைத் திருத்துவது ஒருவழி. வீட்டையே இடித்துவிடுவது இன்னொரு வழி. அரசாங்கம் ஈற்றில் இரண்டாவதைத் தேர்ந்தது. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை அமைத்தது. நாடெங்கும் இருந்த 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் 1981 இல் மறைந்தன. அதிகாரத்தை மக்களுக்கு அருகே கொண்டுசெல்வதற்காகவே இம்மாற்றம் என்று விளக்கம் கூறப்பட்டது. நடந்துசென்று முறையிடக்கூடிய தூரத்தில் இருந்த சபை போய், பஸ் ஏறிச் செல்ல வேண்டிய சபை வந்தது. 1981 ஜூன் 4 ஆம் நாள் அதற்குத் தேர்தல் நடைபெற்றது. சில ஆண்டுகளுக்குள் அச்சபைகளும் பெயரளவில் நின்று தேய்ந்தன.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைப் பிறப்பித்தது. சட்டம் வன்னிக்கும் பொருந்தும், தேர்தல்தான் பொருந்தவில்லை. போர் மூண்டிருந்தது. 1990 முதல் பெருநிலத்தின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்கெனக் காவற்றுறையும் நீதிமன்றமும் இருந்தன. அதே ஊரில் கொழும்பிலிருந்து சம்பளம் பெறும் அரசாங்க அதிபரும் கச்சேரியும் இருந்தன. ஓர் ஊருக்கு இரண்டு ஆட்சிகள் இருந்தும், அவ்வூரார் வாக்களித்து அமைத்த சபை ஒன்றேனும் இருக்கவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் நாள் வவுனியா நகரசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, வடிகால், தெருவிளக்கு, சந்தை என்று வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. நகர எல்லைக்கு அப்பால், அதே மாவட்டத்தில், செட்டிகுளத்து மனிக் பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வன்னி மக்கள் முட்கம்பி வேலிக்குள் இருந்தனர். அவர்களிடம் எவரும் வடிகால் பற்றிப் பேசவில்லை. இவ்விடத்தில் எள்ளலுக்கு வேலையில்லை.

கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய பிரதேச சபைகளுக்கும் துணுக்காய்க்கும் 2011 ஜூலை 23 ஆம் நாள் தேர்தல் வந்தது. கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் மேலும் காத்திருந்தன. மீள்குடியேற்றம் முடியவில்லை, கண்ணிவெடி அகற்றல் முடியவில்லை என்று தொடங்கிய ஒத்திவைப்பு 2018 பெப்ரவரி 10 வரை நீண்டது. கிராம சபைகள் மறைந்த 1981 இல் முல்லைத்தீவுக் கரையிலே பிறந்த குழந்தை, தன் ஊரின் சபைக்கு முதன்முறை வாக்களித்தபோது முப்பத்தேழு வயதை நெருங்கியிருந்தது. நாடாளுமன்றத்துக்கும் சனாதிபதி பதவிக்கும் வாக்குக் கேட்கப்பட்ட மனிதனிடம், அவன் வீட்டு வாசலிலுள்ள ஒழுங்கையைப் பற்றி மட்டும் எவரும் கேட்கவில்லை.

சபைகள் மீண்டபோது அவற்றின் அருகே ஓர் உடன்பிறப்பும் வளர்ந்திருந்தது. 1992 ஆம் ஆண்டுச் சட்டம் கச்சேரியின் பணிகளைப் பகிர்ந்து பிரதேச செயலாளர்களிடம் அளித்திருந்தது. ஆகவே ஓர் ஊரிலே பிரதேச சபை என்றொரு கட்டடமும் பிரதேச செயலகம் என்றொரு கட்டடமும் உண்டு. ஒன்றை மக்கள் தெரிவுசெய்கின்றனர். மற்றதற்கு நிதி வருகின்றது. பெயர் ஒற்றுமையால் மயங்கி முதலாவதற்குச் செல்லும் கமக்காரரை அவர்கள் இரண்டாவதற்கு அனுப்புவர். இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் திரும்பி வருபவரும் உளர். வீதியில் ஒரு பள்ளம் விழுந்தால் முதலில் அப்பள்ளத்தின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெருவீதியாயின் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. அடுத்த தரமாயின் மாகாணத் திணைக்களம். ஒழுங்கையாயின் பிரதேச சபை. வாய்க்காற் கரையாயின் நீர்ப்பாசனத் திணைக்களம். குளமும் அவ்வாறே. பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மழைக்கு மட்டும் திணைக்களம் இல்லாமையால் அது ஏறக்குறைய உரிய காலத்தில் பெய்கின்றது.

திசைகளிலும் புதுமை உண்டு. வவுனியா தெற்கிலே இரண்டு பிரதேச சபைகள் உள்ளன. ஒன்றின் பெயர் வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபை. மற்றதன் பெயர் வவுனியா தெற்குச் சிங்களப் பிரதேச சபை. திசைகாட்டிக்கு எட்டாத இவ்வேறுபாட்டைச் சட்டம் கண்டறிந்தது. வீதியிலுள்ள பள்ளமோ இரு சபைகளிலும் ஒரே மொழியிலேயே பேசுகின்றது.

2018 ஆம் ஆண்டுத் தேர்தல் கலப்பு முறையில் நடைபெற்றது. வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்தமையால், நாடெங்கும் நாலாயிரத்தைந்நூறளவில் இருந்த அங்கத்தவர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டிற்று. மண்டபங்களில் நாற்காலி போதவில்லை. பல சபைகளில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தவிசாளர் தெரிவில் வாக்குகள் சமமாயின் திருவுளச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். மக்கள் உளத்தை அறியப் பெருஞ்செலவில் தேர்தல் நடத்திவிட்டு, முடிவைத் திருவுளத்திடம் ஒப்படைப்பது ஒரு விந்தை. பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் என்ற விதி அத்தேர்தலில் வந்தது. அதுவரை மண்டபத்துக்கு வெளியே தண்ணீர்க் குடத்துடன் நின்றவர்கள் உள்ளே வந்து தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கியமை அம்மாற்றத்தின் நற்பயன்.

அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சிலே முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு நாளும் குறிக்கப்பட்டது. திறைசேரியில் பணம் இல்லை என்று அரசாங்கம் கையை விரித்தது. ஊரை ஆளும் உரிமை செலவுக் கணக்கிலே ஒரு வரியாகிச் சுருங்கிற்று. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. வவுனியா அப்போது நகரசபை நிலையிலிருந்து மாநகர சபையாக உயர்ந்திருந்தது.

இத்தனை சட்டங்கள் வந்துபோயின. வயற்கரையிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. நீர்ப்பங்கீட்டைக் கவனித்த விதானைப் பதவியை 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுவை அமைத்தது. பின்வந்த சட்டங்கள் அதனையும் அகற்றின. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. பெயர் எதுவாயினும், போகத்துக்கு முன் கமக்காரர் கூடி எந்நாளில் நீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேசி முடிவுசெய்யும் கூட்டம் நின்றுபோகவில்லை. 2010 க்குப் பின் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயலுக்கே நீர் போதாது என்று எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் உண்மை. கிளிநொச்சியாரின் அச்சமும் உண்மை. முடிவில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. தேர்தலும் தவிசாளரும் இல்லாத ஒரு கமக்காரர் கூட்டத்தின் சொல்லுக்குத் தலைநகரமும் வெளிநாட்டு வங்கியும் செவிசாய்க்க நேர்ந்தது.

அக்கூட்டத்துக்கு அவ்வலிமை எங்கிருந்து வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அங்கே பேசுபவன் தான் எடுக்கும் முடிவின் பலனைத் தன் வயலிலேயே அறுக்கின்றான். தவறாக எண்ணினால் அவன் பயிர்தான் முதலில் வாடும். சபை மண்டபத்திலே தவறான தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவருக்கு அடுத்த மாதப் படி குறைவதில்லை. 1856 இல் ஏசண்டர் துரைக்காகப் போடப்பட்ட நாற்காலியில் இன்று ஊரவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அந்த உரிமை கைக்கு வர நெடுங்காலம் சென்றது. வந்தபின் முப்பத்தேழு ஆண்டுகள் அதை இழந்திருந்த ஊர்களும் உண்டு. அதில் அமர்பவர் குளக்கட்டையும் ஒருமுறை நடந்து பார்த்துவருதல் நன்று. மாரிக்கு முன் பார்த்தால் இன்னும் நன்று.