எல்க்கார்ன் கழியில் கயாக் பயணம்

எல்க்கார்ன் கழி, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மான்டரே விரிகுடாக் கரையின் நடுப்பகுதியில், மாஸ் லேண்டிங் என்னும் சிறு துறைமுக ஊரை ஒட்டி அமைந்துள்ள உவர்நீர்க் கழிமுகம் ஆகும். கடலிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உள்நோக்கிச் செல்லும் இந்நீர்நிலை, கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப்படகில் ஒருநாள் பயணமாகச் சென்று கடல் நீர்நாய்களைக் காண்பதற்குப் பெயர் பெற்றது. இதன் ஆங்கிலப் பெயரிலுள்ள "சுலூ" என்பதற்குக் கழி என்ற நம் கரையோரச் சொல் நன்கு பொருந்துகிறது.

பயண வழி

பயணம் பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து தொடங்கும். அங்கேயே கலிபோர்னியக் கடற்சிங்கங்களின் குரைப்பொலியைக் கேட்கலாம். நெடுஞ்சாலைப் பாலத்தைக் கடந்ததும் இரு மருங்கிலும் உப்புச் சதுப்பும் சேற்றுத் திட்டுகளும் விரிகின்றன. நீர் வற்றும்போது இத்திட்டுகளில் துறைமுகச் சீல்கள் படுத்திருக்கும். பழுப்புக் கூழைக்கடா, பெரிய வெண்கொக்கு, நீர்க்காகம் உட்பட 340-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன.

ஓதம் ஏறும்போது உள்ளே சென்று இறங்கும்போது திரும்புவது எளிது. ஆனால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். திரும்புபவர் அதை எதிர்த்தே துடுப்பு வலிக்க வேண்டும். எனவே காலையில் புறப்படுவதே நல்லது. 1946-47-இல் துறைமுக வாய் வெட்டப்பட்டது முதல் கழிக்குள் ஓத நீரோட்டம் விரைவாகிவிட்டது. நீர் இறங்கும் வேளையில் பாலத்தின் அடியில் பாயும் ஓட்டம் புதியவர்களைத் துறைமுக வாயை நோக்கி இழுத்துச் செல்லக்கூடும்.

கடல் நீர்நாய்கள்

தோல் வணிகத்திற்காக 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வேட்டையாடப்பட்ட கடல் நீர்நாய், கலிபோர்னியாவில் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1911-இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை வேட்டையைத் தடுத்தது. பிக் சர் கரையருகே எஞ்சியிருந்த சுமார் 50 விலங்குகளின் வழிவந்தவையே இன்று கலிபோர்னியாவில் வாழும் ஏறத்தாழ 3,000 நீர்நாய்கள். மான்டரே விரிகுடா மீன்காட்சியகம், தாயை இழந்த குட்டிகளை வளர்ப்புத் தாய் நீர்நாய்களிடம் விட்டு வளர்த்து, 2002 முதல் இக்கழியில் விடுவித்து வந்தது. இங்கு இவ்விலங்குகள் பெருகியதில் பாதிக்கு மேல் இவற்றாலும் இவற்றின் வழித்தோன்றல்களாலும் நிகழ்ந்தது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றின் வரவால் கழியும் பயனடைந்தது. சதுப்புச் செடிகளின் வேர்களைத் தின்று கரையைத் துளைக்கும் நண்டுகளை நீர்நாய்கள் உண்கின்றன. நீர்நாய்கள் நிலைகொண்ட ஓடைகளில் கரையரிப்பு பெருமளவு குறைந்ததாக 2024-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது.

தொலைவு பேணுதல்

கயாக்கில் இயந்திரம் இல்லை, ஓசையும் இல்லை; ஆகவே தீங்கும் இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று. ஓசையற்ற படகு, உறங்கும் விலங்கின் மிக அருகே வந்து அதைத் திடுக்கிட வைக்க வல்லது.

சீல், திமிங்கிலம் போன்றவற்றுக்கு உள்ள தடித்த கொழுப்புப் படலம் கடல் நீர்நாய்க்கு இல்லை. குளிர்ந்த நீரில் உடல் வெப்பத்தைக் காக்க அடர்ந்த மயிரும் மிகுந்த உணவுமே அதற்குத் துணை. தன் எடையில் கால் பங்கு அளவுக்கு நாள்தோறும் உண்ண வேண்டியுள்ளது. குட்டி ஆறு மாதத்தை எட்டும்போது தாயின் ஆற்றல் தேவை ஏறத்தாழ இருமடங்காகிறது. ஓய்வைக் கலைக்கும் ஒவ்வொரு படகும் அத்தாயிடமிருந்து சிறிது உணவைப் பறிப்பதற்கு ஒப்பாகும். ஒரு படகு பெரிய கேடன்று; விடுமுறை நாளில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதே சிக்கல்.

எனவே குறைந்தது ஐந்து கயாக் நீளம், அதாவது சுமார் 18 மீட்டர், விலகியிருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. நேராக அணுகாமல், நிற்காமல், பக்கவாட்டில் கடந்து செல்ல வேண்டும். நீர்நாய் தலையைத் தூக்கிப் படகை நோக்கினால் தொலைவு போதவில்லை என்று பொருள். 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி இவ்விலங்குகளைத் தொந்தரவு செய்வது குற்றம்.

கழியின் காப்பகப் பகுதிக் கரைகளில் படகை ஏற்ற அனுமதியில்லை. இடையில் இறங்க விரும்புவோர் உட்பகுதியிலுள்ள கிர்பி பூங்காப் படகுத்துறையைப் பயன்படுத்தலாம்.