சாரதியை இழந்த சிறுதேர்

விளையாட்டுப் பொருள்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் தமிழிலே இன்னும் வேரூன்றவில்லை. கல்வெட்டும் செப்பேடும் தோம்பும் தேடப்படுகின்ற அளவிற்குக் குழந்தை உருட்டிய வண்டி தேடப்படுவதில்லை. ஆயினும் சிந்துவெளி மக்களின் மாட்டுவண்டி எத்தகையது என்பதை அறிய அறிஞர்க்குத் துணைநின்றவற்றுள் அங்குக் கிடைத்த சுடுமண் சிறுவண்டிகள் முதன்மையானவை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவரின் முக்காற் சிறுதேரைக் குறிப்பிடுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் தன் இறுதிப் பருவமாகச் சிறுதேரையே வைத்தது. இசுலாமியப் புலவர்களும் அவ்விலக்கிய வகையைத் தமதாக்கிக்கொண்டனர். இம்மரபை அறிந்தோர்க்கு, கல்முனைக் கடைத்தெருவிலே பெருநாட் காலத்தில் விலைபோகும் உருமாறும் கார் ஒன்றை ஆராய முற்படுவது வீண்முயற்சியாகத் தோன்றாது.

கதவும் சில்லும் கண்ணாடியும் கொண்ட ஒரு மோட்டார் வண்டி; அதன் உறுப்புகளை முறைப்படி மடக்கியும் நீட்டியும் திருப்பினால் இருகாலில் நிற்கும் இயந்திரமனிதன். இவ்விளையாட்டுப் பொருளின் முதல் வடிவங்களுள் ஒன்று யப்பானிலே தோன்றியது. டக்காரா என்னும் நிறுவனம் 1980இல் ‘டயகுளோன்’ என்ற வரிசையைத் தொடக்கி, 1982 முதல் அதனுள் உண்மைக் கார்களின் உருவை ஒத்த இயந்திரமனிதர்களை வெளியிட்டது. அவ்வண்டிகளுக்குள் ஓர் அங்குல உயரமுள்ள சிறுமனிதன் ஒருவன் இருந்தான். அவனுடைய பாதங்களிலே காந்தம் பதிக்கப்பட்டிருந்தது. வண்டிகளின் அளவு உண்மையான காரின் அறுபதில் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதனை அறுபதால் வகுத்தால் ஓர் அங்குலத்தை ஒட்டிய உயரமே கிடைக்கும். எனவே அச்சிறுவுருவம் அழகுக்காகச் சேர்க்கப்பட்ட துணுக்கு அன்று. முழுப் பொருளுக்கும் அதுவே அளவுகோல். அது இருக்கையில் அமர்ந்தபோதுதான் வண்டி வண்டியாகவும், வண்டி எழுந்து நின்றபோது அந்நிலை வியப்பாகவும் தோன்றின.

அச்சிறுமனிதன் சிறுத்த கதை தனியே நோக்குதற்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் ஓரடி உயரப் போர்வீரன் பொம்மை ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் உரிமத்தைப் பெற்ற டக்காரா அதே உடலமைப்பைத் தழுவி 1972இல் வேறொரு வரிசையைச் செய்தது. 1974இல் வெளிவந்த ‘மைக்ரோமன்’ உருவங்களோ பத்துச் சென்ரிமீற்றர் அளவினவாகச் சுருங்கின. 1973இன் எண்ணெய் நெருக்கடியினால் பிளாஸ்டிக்கின் விலை ஏறியமை இதற்கு ஒரு காரணம் என்பர். உருவம் சிறுக்கவே அதற்கு ஏறிச்செல்ல ஊர்தி வேண்டியதாயிற்று. ஊர்திகள் பெருகவே உருவம் மேலும் சிறுத்து ஓரங்குலத்தில் வந்து நின்றது.

இதே எண்ணெய் விலையேற்றமே வளைகுடா நாடுகளிற் பெருஞ்செல்வத்தைக் குவித்து, அங்குக் கட்டடத் தொழிலாளருக்கும் சாரதிகளுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் வேலையைத் திறந்துவிட்டது. கிழக்கிலங்கை முசுலிம் ஊர்களிலிருந்து மக்கள் அங்குச் சென்றனர். யப்பானியத் தொழிற்சாலையிலே பொம்மையைச் சிறுக்கவைத்த காரணமும், அப்பொம்மையை வாங்கக்கூடிய பணத்தைக் கல்முனைக் குடும்பத்தின் கையிற் சேர்த்த காரணமும் ஒரே கிணற்றிலிருந்து ஊறியவை. பொருளாதார வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைப்பர். குழந்தையின் கையிலே அவை ஒன்றுசேர்ந்தன.

இடையிலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1983ஆம் ஆண்டளவில் டக்காராவின் பொருள்கள் ஹஸ்ப்ரோவின் கவனத்தை ஈர்த்தன. இவ்விரு நிறுவனங்களையும் இணைத்து வைத்ததிற் பெரும்பங்கு ஹென்றி ஓரென்ஸ்ரைன் என்பவருக்கு உரியது. போலந்திற் பிறந்து, நாற்சிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி, விளையாட்டுப் பொருள் ஆக்குநராக அமெரிக்காவில் வாழ்ந்து 2021இல் மறைந்தவர் அவர். 1984இல் ‘ட்ரான்ஸ்போமர்ஸ்’ என்ற புதுப்பெயருடன் அவ்வண்டிகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அப்போது சாரதி நீக்கப்பட்டான். வண்டியை மனிதன் ஓட்டுகின்றான் என்ற பழைய கதை கைவிடப்பட்டு, வண்டியே உயிருள்ளது, வேற்றுலகிலிருந்து வந்தது என்ற புதிய கதை புனையப்பட்டது. கதைமாந்தர் பலருக்குப் பெயரும் வரலாறும் எழுதியவர் மார்வெல் நிறுவனத்தின் பொப் புடியன்ஸ்கி. டயகுளோனின் காவற்றுறை வண்டியான ‘பெயர்லேடி’ கார் ‘பிரௌல்’ என்னும் பெயர் பெற்றது. ஆனால் வார்ப்பு அச்சுகள் பழையனவே. ஆதலின் ஏறுவாரற்ற இருக்கை உள்ளே எஞ்சியது. உயிருள்ளதாகச் சொல்லப்பட்ட இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளே ஒரு வெற்றிருக்கை இருப்பானேன் என்று எந்த விளம்பரமும் விளக்கவில்லை. வரலாற்று மாணவனுக்கோ அவ்விருக்கை ஒரு கல்வெட்டு.

மற்றொரு புதுமையும் புகுந்தது. பெட்டியின் பின்புறத்திலே வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிவு, சூட்டுவலு, திறமை என எட்டுக் குணங்களுக்கு ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு ஓர் அட்டவணை அச்சிடப்பட்டது. உடன்வரும் சிவப்புத் துண்டினூடாக நோக்கினாலன்றி அது புலப்படாது. பொருளை மதிப்பிடும் உரிமை வாங்குவோனிடமிருந்து விற்போனிடம் சென்ற வகைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மதிப்பெண் கற்பனை வீரனுக்கே அன்றி, இறுக்கமிழந்து போகக்கூடிய மூட்டுக்கும் உரியப்போகும் ஒட்டுப்படத்துக்கும் அன்று. அதே ஆண்டிலே அமெரிக்காவிற் சிறுவர் தொலைக்காட்சி மீதான விளம்பரக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமையும், பொருளும் தொடர்ப்படமும் ஒருங்கே வந்தமையும் சேர்த்து எண்ணத்தக்கன.

அம்பாறைக் கரையோரத்துக்கு மீள்வோம். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இக்கரையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய முசுலிம் ஊர்கள் தமிழ்ச் சைவ ஊர்களோடு மாறிமாறி அமைந்துள்ளன. வயலும் கடலும் தறியும் வணிகமும் இவர்தம் வாழ்வு. 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்திலே சிறுவர் தம் வண்டியைத் தாமே செய்தனர். குரும்பையில் ஈர்க்குக் குத்திய தேர், பால்மாப் பேணியிலே சோடாமூடி பூட்டிய வண்டி, தேய்ந்த றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சில்லு என்பன அக்காலத்தன. அவற்றுள்ளும் சாரதிப் பொம்மை கிடையாது. தடியாற் றள்ளிக்கொண்டு வாயால் இரைச்சல் எழுப்பி ஓடிய சிறுவனே சாரதி. இதனை ஏழ்மை என்று மட்டும் கருதுவது பிழை.

திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இலே தொலைக்காட்சி நாட்டில் அறிமுகமாகி, 1982இல் ரூபவாகினி தொடங்கியது. வளைகுடாவிலிருந்து மீள்வோரின் பெட்டிகளும் வரத்தொடங்கின. துணி, வாசனைத் திரவியம், வானொலிப்பெட்டி ஆகியவற்றினிடையே பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பொருளும் இருக்கும். அது பல வீடுகளிலே முன்மண்டபத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப்பட்டது. தாயோ தந்தையோ ஈராண்டு பிரிந்திருந்து உழைத்ததன் அடையாளம் உடைந்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அதற்குக் காரணம். அவ்வச்சத்தை எள்ளுதல் எளிது. ஆனால் தன் பிள்ளையைப் பிரிந்து பிறர் பிள்ளையைப் பராமரித்த பெண்ணொருத்தியின் கூலி, அப்பொம்மையிலேயே கண்ணுக்குத் தெரியும் உருப் பெற்றிருந்தது. உருமாறுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள், உருமாறாமற் கண்ணாடிக்குள் நின்றது.

உருவங்களை வீட்டில் வைத்தல் தகுமோ என்னும் வினா முசுலிம் சமூகத்திலே இத்தகைய பொருள் பற்றி இயல்பாகவே எழும். இது தொடர்பாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஓர் அறிவிப்பு. தபூக் அல்லது கைபர்ப் போரிலிருந்து திரும்பிய நபியவர்கள், ஆயிஷா நாயகியின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணியாற் சிறகு வைத்த குதிரை ஒன்றைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்று விடைவந்ததும் நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்பது அதன் செய்தி. குழந்தைகளின் பொம்மைக்கு இடமளித்த அறிஞர் பலர் இதனை ஆதாரமாகக் கொண்டனர், மறுத்தோரும் உளர். வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் முன் குறித்த பெயர்லேடி கார் எழுந்து நிற்கையில் முன்மூடி நெஞ்சாக, இருகதவுகளும் தோளின் பின்னே சிறகுகளாக விரிகின்றன. ஊர்திக்குச் சிறகு முளைத்ததைக் கண்டு மகிழும் குழந்தையுள்ளம் காலத்தாற் பெரிதும் மாறவில்லை போலும்.

இப்பொருளை எவ்வாறு மதிப்பிடுவது? பெட்டியின் எட்டுக் குணங்கள் உதவா. முதலாவது, வண்டி வண்டியாக முழுமை பெறுகின்றதா, மனிதன் மனிதனாக நிற்கின்றானா என்பது; ஒன்றுக்காக மற்றொன்று பலியிடப்படுவதே மலிவான போலிகளின் குறை. இரண்டாவது மூட்டு. தொடக்ககால டக்காரா வண்டிகளிலே உலோக வார்ப்பும் பிளாஸ்டிக்கும் கலந்திருந்தன. மெல்லிய பிளாஸ்டிக்கால் மட்டும் செய்யப்பட்டவற்றிலே முளை தேய்ந்து, நின்ற மனிதன் சில நாளிற் சாய்கின்றான். மூன்றாவது, எல்லாவற்றினும் மேலாக, பிள்ளை தானே திருப்பிக் கண்டுபிடிப்பதற்கு அதில் எவ்வளவு இருக்கின்றது என்பது. பொத்தானை அழுத்தியதும் தானே எழுந்து விளக்கெரித்துப் பாடும் பிற்கால மின்கலப் பொம்மைகள் இவ்வகையிற் குரும்பைத் தேருக்கும் பின்னே நிற்பவை. படிமுறையை மறந்து, வலிந்து திருப்பி, உடைத்து, மீண்டும் பொருத்தக் கற்ற பிள்ளை ஒரு பொறிமுறையை அறிந்த பிள்ளை. அலுமாரிக்குள் வைத்த வீடுகள் இழந்தது இதனையே.

அக்காலத்துப் பொருள்களை இக்கரையிலே தேடுவோர்க்கு மற்றொரு தடை உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்கரை வீடுகளைப் பேரழிவுக்குள்ளாக்கியது. உயிர்களைப் பறிகொடுத்த ஊரிலே பொம்மையை எண்ணிப் பார்ப்பார் இலர். ஆயினும் ஒரு தலைமுறையின் இல்லச் சான்றுகளும், கண்ணாடி அலுமாரியும் அதனுள் இருந்தவையும், அவ்வீடுகளோடு சென்றன.

டக்காரா 2006இலே ரொமி நிறுவனத்துடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் 2016இல் டயகுளோன் வரிசையை மீண்டும் உயிர்ப்பித்தபோது சிறுமனிதனும் திரும்பினான்; இப்போது அவனுக்கு மடங்கும் முழங்காலும் உண்டு, காந்தப் பாதமும் உண்டு. அவன் திரும்பியது, தம் இளமையைத் தேடும் வளர்ந்தோர் வாங்கிச் சேர்க்கும் விலையுயர்ந்த பெட்டிகளுக்குள். பெருநாட் காசுடன் கடைத்தெருவுக்கு வரும் பிள்ளைக்குக் கிட்டும் மலிவான வண்டிகளிலே கண்ணாடிக்குக் கருநிறம் பூசியிருப்பது வழமை. இருக்கை உண்டோ இல்லையோ, வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது.