காரின் மேனியும் ஒரு வாளித் தண்ணீரும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். குதிரைச் சக்தி எத்துணை, வேகம் எத்துணை, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பவையே அவர்களுடைய கணக்கு. அவ்வியந்திரத்தின் மேல் போர்த்தியுள்ள மெல்லிய வர்ணப் பூச்சுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் விடியற்காலையில் நம் வீட்டு வாசலில் துணியும் வாளியுமாக நடைபெறும் வேலை அந்த வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே வண்டியின் பளபளப்பு மங்கிவிட்டால், வெயிலைக் குறை கூறுகிறோம். விற்ற கம்பெனியைக் குறை கூறுகிறோம். பல வண்டிகளில் உண்மைக் குற்றவாளி அந்தத் துணிதான்.

சாரட்டு வண்டிகளின் காலத்திலிருந்து தொடங்குவதே முறை. முதன்முதலில் மோட்டார் வண்டி செய்தவர்கள் இயந்திரத்தைப் புதிதாகக் கண்டார்களேயன்றி, உடலைக் கட்டும் பொறுப்பைச் சாரட்டு செய்யும் தச்சர்களிடமும் வர்ணக்காரர்களிடமுமே ஒப்படைத்தனர். சென்னையில் 1840ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனி முதலில் சாரட்டுகளுக்கே பெயர் பெற்றது. மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டும் தொழில் பின்னர் வந்தது. ஹைதராபாத்தில் வாழும் நேயர்கள் சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றால், நிஜாமுக்காகச் செய்யப்பட்ட 1912ஆம் ஆண்டின் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸைக் காணலாம். அரியணை போன்ற இருக்கையும் வளைவுகளும் கொண்ட அவ்வண்டியைப் பார்ப்பவர், அது குதிரைகளை அவிழ்த்துவிட்டு நிற்கும் சாரட்டோ என்றுதான் நினைப்பார்.

அக்காலத்து வண்டிகளுக்குப் பூசியது, ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ். ஒரு பூச்சு உலர நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். உலர்ந்தபின் நுரைக்கல் பொடியும் நீருமிட்டுத் தேய்த்துச் சமன் செய்து, மறுபடியும் பூச வேண்டும். இவ்வாறு பல பூச்சுகள் முடிய வாரங்கள் பல ஆகும். இத்துணைப் பாடுபட்டு ஏற்றிய மெருகு மிக மென்மையானது. ஆகவே சாரட்டோட்டிகளுக்கென்று கழுவும் விதிகளும் இருந்தன. ஊர் சுற்றி வந்த வண்டியின் மேல் சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திக் கழுவலாகாது. தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டும். கடற்பஞ்சு நீரைத் தாராளமாகக் குடித்திருக்க வேண்டும். சக்கரங்களுக்கு வேறு தூரிகை, உடலுக்கு வேறு பஞ்சு. இறுதியில் மெல்லிய தோலால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த விதிகளைவிடச் சிறந்தவற்றை இன்றைய நிபுணர்களும் கண்டறிந்துவிடவில்லை. சில கருவிகளை மட்டுமே சேர்த்துள்ளனர்.

பின்னர் வந்தது அவசர யுகம். 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தமது மாடல் டி வண்டியை வெளியிட்டார். 1913இல் அவருடைய தொழிற்சாலையில் நகரும் வரிசை முறை அமைந்தது. வண்டிகள் மணிக்கணக்கில் உருவாகிவரும் இடத்தில், வர்ணம் காய வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா? நிலக்கீல் கலந்த கருநிறப் பூச்சைப் பூசி, உலையில் வாட்டினார்கள். மலிவும் உறுதியும் அதற்கு உண்டு. 1914 முதல் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் மாடல் டி வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது.

அந்தக் கறுப்பிலிருந்து உலகை விடுவித்தது வெடிமருந்தின் உறவினர் ஒன்று. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் இட்டுப் பக்குவம் செய்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கிறது. முதல் உலகப் போரில் துப்பாக்கி மருந்தாகப் பயன்பட்ட அப்பொருளை, டூபான்ட் கம்பெனியாரும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து வர்ணமாக்கினர். 1923இல் ஓக்லண்டு என்னும் வண்டி அந்த நீல வர்ணத்தோடு வெளிவந்தது. வாரக்கணக்கில் உலர்ந்த பூச்சு மணிக்கணக்கில் உலர்ந்தது. டியூகோ என்பது அதன் வியாபாரப் பெயர். அப்பெயர் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்றால், அமெரிக்கர்கள் அதை மறந்த பின்னும், நம் தச்சர்கள் அலமாரிக்கு விசிறியடிக்கும் வர்ணத்தை இன்றும் ‘டியூகோ’ என்றே அழைக்கின்றனர்.

டியூகோவுக்கு ஒரு குணம் உண்டு. பூசியவுடன் அது பளபளக்காது, தேய்த்தால்தான் பளபளக்கும். வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுக்கும். மறுபடியும் தேய்த்தால் அடியிலிருந்து புதிய நிறம் தோன்றும். வண்டியைத் தேய்க்கத் தேய்க்க அழகு கூடும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய வர்ணங்களே இடமளித்தன. அக்காலத்துக்கு அது உண்மையாகவும் இருந்தது.

விடுதலைக்குப் பின் நம் சாலைகளில் ஓடிய வண்டிகளின் கதையும் இதுவே. வங்காளத்தில் உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் 1950களின் இறுதியில் வெளிவந்து, 2014 மே மாதம் வரை உற்பத்தியில் இருந்தது. பம்பாயில் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் ஃபியட் வண்டியைச் செய்தனர். அதுவே பின்னர் பத்மினி ஆயிற்று. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டியை எவரும் எளிதில் விற்றுவிடவில்லை. கீறல் விழுந்தால் டிங்கரிங் செய்து, பட்டி வைத்துத் தேய்த்து, மறுபடியும் வர்ணம் அடித்தனர். ஒரே அம்பாசடர் தன் ஆயுளில் மூன்று நான்கு முறை சட்டை மாற்றிக்கொள்வது சாதாரணம். பூச்சின் மேல் பூச்சாகத் தடித்துப்போன அந்த மேனியை எந்தத் துணியால் துடைத்தாலும் குடி முழுகிவிடாது. மும்பையில் 2023 அக்டோபர் இறுதியில் கடைசிப் பத்மினி டாக்சியும் சாலையிலிருந்து விலகியபோது, வர்ணத்தின் அந்தப் பழைய காலமும் ஏறக்குறைய விலகிவிட்டது எனலாம்.

இப்போதைய வண்டியின் மேனி வேறு வகை. இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் சமன் செய்யும் பூச்சு, அதன்மேல் நிறம், யாவற்றுக்கும் மேலே நிறமற்ற கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளது. 1980களில் உலகெங்கும் பரவிய இம்முறை பின்னர் நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் நிலைபெற்றது. இத்தனை அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனந்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பளபளப்பைத் தரும் மேலடுக்கு மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அடியிலிருந்து புதிய நிறம் எழும் என்று அதைத் தேய்த்தால், எழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை அழுத்தி மெருகேற்றும்போதும் அந்தக் காப்பே சிறிது சிறிதாகக் குறைகிறது. தம் வண்டி எவ்வகை என்று ஐயமுடையோர், மறைவான ஓரிடத்தில் சிறிது பாலிஷ் இட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் வண்டியின் நிறம் படிந்தால் பழைய முறைப் பூச்சு. படியாவிட்டால் மேலே கிளியர் கோட் உள்ளது என்று பொருள்.

இனித் தூசியைக் கவனிப்போம். ராஜஸ்தானத்திலிருந்து தில்லிக்குக் காற்றோடு வரும் புழுதியில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள்கள் நிறைய உண்டு. கட்டட வேலை நடக்கும் ஊர்களிலெல்லாம் மணல் தூசியும் உண்டு. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் முறையில் குவார்ட்ஸுக்கு ஏழு. சாளரக் கண்ணாடியையே அது கீறிவிடும். உலர்ந்த துணியால் அதை இழுத்துத் தேய்க்கும்போது துணி உப்புத்தாளாக மாறுகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. முந்நூறு நாள் கழித்து, கறுப்பு வண்டி ஒன்றின் பானெட்டின் மேல் காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்: சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் மின்னும். வண்டி மங்கிவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர், நாள்தோறும் காலையில் வண்டி துடைக்கும் ஆளுக்கு மாதந்தோறும் சில நூறு ரூபாய் தருகின்றனர். அவர் ஒரே வாளியும் ஒரே துணியுமாகப் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்க வேண்டியவர். மூன்றாவது வண்டிக்குள் வாளித் தண்ணீர் சேறாகிவிடும். ஏழாவது வண்டியின் மேல் ஆறு வண்டிகளின் மணல் ஏறும். அவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அடுத்த வாளி தண்ணீர் எடுக்கக் குழாய் எங்கே என்று அவருக்கு நாம் காட்டியதில்லை. நம் வண்டிக்கென்று இரண்டு துணியும் ஒரு வாளித் தண்ணீரும் நாமே கொடுத்து, நாள்தோறும் துடைப்பதற்குப் பதிலாக வாரம் இருமுறை கழுவச் சொல்லி, கூலியைக் குறைக்காமல் தந்தால் வண்டியும் பிழைக்கும். அவருடைய முதுகும் பிழைக்கும். தினந்தோறும் துடைக்காவிட்டால் வேலை செய்யவில்லை என்று நாம் நினைத்துவிடுவோமோ என அஞ்சியே பலர் உலர்ந்த துணியை வீசுகின்றனர்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பாயும் ரப்பர்க் குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 150 லிட்டர் வீதியில் ஓடுகிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டதை ஊரிலுள்ள உறவினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைக் கொண்டு வண்டி கழுவுவது தடை செய்யப்பட்டு, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் தில்லியிலும் குழாய் பிடித்து வண்டி கழுவினால் 2000 ரூபாய் அபராதம் என்றனர். தண்ணீர் இல்லையென்றால் உலர்ந்த துணியே கதி என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. இரண்டு வாளியில் இருபத்தைந்து லிட்டர் இருந்தால் ஒரு வண்டியைச் செம்மையாகக் கழுவலாம்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சூடின்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான தகட்டில் சோப்பு நீர் காய்ந்து கறை கட்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரானால் வெண்புள்ளிகளே படியும். பிறகு குவளையால் கூரையிலிருந்து நீர் ஊற்றித் தூசியை நனைத்து இறக்க வேண்டும். இந்தப் படியை மட்டும் சுருக்கலாகாது. கையால் தொடுமுன் நீரோடு எவ்வளவு மணல் கீழே போகிறதோ அவ்வளவும் இலாபம். ஒரு வாளியில் வண்டிக்கென்று விற்கும் ஷாம்பு, மற்றொன்றில் வெறுந்தண்ணீர். துணியைச் சோப்பு நீரில் தோய்த்து, ஒரு பாகத்தை அழுத்தாமல் நேர்கோட்டில் வழித்து, உடனே வெறுந்தண்ணீரில் அலசி, மணலை அங்கே விட்டுவிட்டு, மீண்டும் சோப்பு நீருக்கு வர வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பாகம், கதவின் அடிப்பாகம் என்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். சக்கரத்துக்குப் பயன்பட்ட துணி வேறெங்கும் படக் கூடாது. சாரட்டோட்டியின் விதிதான்.

துணி என்றால் பழைய வேட்டியா, பனியனா என்று கேட்பார்கள். கழுவ இரண்டும் வேண்டா. மைக்ரோ ஃபைபர் என்று விற்கும் செயற்கை இழைத் துணியின் இழை பட்டைவிட மெல்லியது. மணல் துகள் அந்த மயிரிழைகளுக்கிடையே புகுந்து ஒதுங்கிவிடும். அது கீழே விழுந்துவிட்டால், துவைக்கும் வரை மறுபடி வண்டியின் மேல் வைக்கக் கூடாது.

சோப்பைப் பற்றி ஒரு சொல். 1959இல் ஸர்ஃபும், 1969இல் நிர்மாவும் வந்தபின் சலவைத் தூளையே வண்டிக்கும் போடும் வழக்கம் பரவியது. சட்டையின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த காரத்தூள், வண்டியின் மேலுள்ள மெழுகையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு 80 பாகை வெப்பத்துக்கு மேல்தான் உருகும். நம் வெயிலைத் தாங்கும் அதை வெட்டியாகக் கழுவிவிடுவானேன்? மண்ணெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது அதனினும் மோசம். அரைநாள் மினுக்கும், பிறகு அந்தப் பிசுக்கிலேயே தூசி ஒட்டும், கதவோரத்து ரப்பரும் கெடும்.

நம்மவர்க்கே உரிய ஒரு நாளும் உண்டு. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்த வண்டிகள் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக நிற்கும். குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் உண்டாகையால், நாட்கணக்கில் வெயிலில் விட்டால் வெளிர்நிற வண்டிகளில் கறை படியக் கூடும். பொட்டைக் கண்ணாடியிலோ எண் பலகையிலோ இட்டு, மறுநாள் நீர் ஊற்றி நனைத்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாது. வாழைக்கன்றும் மாலையும் கட்டும் கயிறு வண்டி ஓடும்போது அசைந்து அசைந்து உராயும். அதன் அடியில் மெல்லிய துணி ஒன்றை மடித்து வைத்துக் கட்டுவது நல்லது.